மாடி துருத்திக்கொண்டிருக்கிறதே, விழாதா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு படம் அனுப்பினான். சோமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்ற கிராமம், 'ஜார்ஜ் இன்' என்ற பழைய மதுக்கடை. கீழே கல் கட்டடம். மேலே இரண்டு மர மாடிகள், ஒன்றைவிட ஒன்று தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்கிறான். விழாதா சார்?
- வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: 500 வருஷமாக விழவில்லை அம்மா. படத்தைப் பார்த்தால் யாருக்கும் உங்கள் பயம்தான் வரும். ஆனால் அந்தத் துருத்தல்தான் தளத்துக்கே பலம்.

வீட்டில் பேரனின் ஸ்கேல் இருக்கும். இரண்டு புத்தகங்களின் மேல் பாலம் மாதிரி வையுங்கள், ஒரு முனை மட்டும் வெளியே நீட்டியிருக்கட்டும். நடுவில் மெல்ல அழுத்தினால் தொய்யும். இப்போது நீட்டிய முனையையும் அழுத்துங்கள். நடுப்பகுதி மேலே எழும். அங்கேயும் இதே கதைதான். தளத்தைத் தாங்கும் கட்டைகள் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே வருகின்றன. மேல்மாடிச் சுவர் அந்த நுனியில் உட்கார்ந்து அழுத்த, அறை நடுவில் தளம் தொய்வது குறைகிறது. கீழ்ச்சுவரில் மழைநீர் வழிவதும் குறையும். இடம் போதாமல் இப்படித் துருத்தினார்களோ என்றால், ஊர்ப்புறத்தில் இடத்துக்கா பஞ்சம்? கம்பளிச் சந்தைக்கு வந்த வியாபாரிகள் அண்ணாந்து பார்க்கட்டும் என்ற பகட்டும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. கட்டியவர்கள் பக்கத்து ஹின்டன் மடத்துத் துறவிகள் என்பதுதான் வேடிக்கை!

எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசாரி ஈரமரத்தில் உளி வைக்கவே மாட்டார். இங்கிலாந்துத் தச்சர்களோ ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்து, ஒரு கட்டையின் நுனியில் செதுக்கிய கழுந்தை இன்னொன்றின் துளையில் செருகி இணைத்து, மர முளை அடித்து நிறுத்திவிடுவார்கள். காய்ந்து இறுக்கமானதும் மூட்டு பிடித்துக்கொள்ளும். மரம் கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும். அந்த நாட்டுப் பழைய வீடுகள் பல கோணலாகத் தெரிய அதுவும் ஒரு காரணம். கோணலைப் பார்த்து மிரள வேண்டாம்.

1668 ஜூன் 12 அன்று, டைரி எழுதியே புகழ்பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸ் இந்த ஊரில் நன்றாகச் சாப்பிட்டதாகவும், 10 ஷில்லிங் ஆனதாகவும் டைரியில் குறித்திருக்கிறார். கடைப் பெயரை எழுதவில்லை. ஜார்ஜ்தான் என்பது ஊர்ப்பேச்சு. 1685-இல் மன்னருக்கு எதிராகக் கிளம்பிய மான்மத் பிரபுவும் இங்கே முகாமிட்டார். கட்டடம் இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

இம்மாதிரிக் கட்டடங்களுக்கு உண்மையான எமன் சிமெண்ட். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன் இடத்தில் சிமெண்ட் பூசினால், ஈரம் உள்ளேயே தங்கி ஓக்கை உளுக்கச் செய்துவிடும்.

சரி, மகனிடம் ஒன்று சொல்லுங்கள். பழைய மதுக்கடைகளில் உத்தரம் தாழ்வாக இருக்கும். எழுந்திருக்கும்போது தலை பத்திரம்.