அரசுப் பள்ளியில் படிக்கும் மகளை எம்.பி.பி.எஸ். சேர்க்க வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம், 3 ஏக்கர் நஞ்சை. மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் வழி. நாங்கள் பி.சி. டாக்டருக்குத்தான் படிப்பேன் என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது, எதில் தவறிப்போகும், கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பதில்:

படிப்பு மகள் பாடு, மற்றதெல்லாம் உங்கள் பாடு. இப்படிப் பிரித்துக்கொண்டாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகூட இடத்தைக் கோட்டை விடுவது சான்றிதழிலும் ஓ.டி.பி.யிலும் கடைசித் தேதியிலும்தான். அதனால் பாடத்தைவிடக் காகிதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

உங்களுக்குப் பெரிய பலம், மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்த சட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் கணக்கில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. நம் பக்கத்தில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி என்று எங்கு பார்த்தாலும் பழைய உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் இலவசம், ஆகவே அரசுப் பள்ளிதான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரே ஒரு வருஷம் அப்படிப்பட்ட பள்ளியில் படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீடு கை நழுவிவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9-லிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மகள் படித்த பள்ளிகளை வருஷ வாரியாக ஒரு தாளில் எழுதி இப்போதே தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவில் ஏதாவது தப்பாக இருந்தால் திருத்த இன்னும் நாள் இருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் பழைய பள்ளியில் கோடை விடுமுறை என்று பூட்டு தொங்கும்.

இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. முதல் வருஷம் இது தெளிவாகாமல், அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று இடத்தை வேண்டாம் என்று வந்தவர்கள் உண்டு. அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது. தனியார் பெயரைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். 7.5 சதவீதப் பட்டியலில் இருப்பவர் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்று போய்விடாது.

அடுத்து நீட் விண்ணப்பம். பிரவுசிங் சென்டரில் போடுவதில் தப்பில்லை. ஆனால் மெயில் ஐடியும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வரிசை நீளமாக நிற்கும்போது கடைக்காரர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் மெயிலையே அடித்துவிடுவார். ஹால் டிக்கெட், ரிசல்ட், பிறகு கலந்தாய்வு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓ.டி.பி. அங்கேதான் போய் விழும். கடைசி நாள் மாலை அவர் கடையைச் சாத்திவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பார். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி விண்ணப்ப எண், பாஸ்வேர்டு, மெயில், எந்த நம்பர் கொடுத்தோம், பணம் கட்டிய ரசீது எண் எல்லாம் அதில் எழுதி வையுங்கள். அந்த நம்பருக்கு அக்டோபர் வரை ரீசார்ஜ் நிற்கக் கூடாது.

பெயர் 10-ம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க்‌ஷீட்டில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள். இருப்பதில் சுலபமாகத் திருத்தக்கூடியது அதுதான்.

மொழி என்று கேட்கும் இடத்தில் தமிழ் என்று கொடுங்கள். தமிழ் கேட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் வரும், ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலம் மட்டும்தான். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும் என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தப்பு என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே தமிழ் வழிப் பிள்ளையும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆங்கிலக் கலைச்சொற்களைப் பக்கத்தில் எழுதிப் படிப்பது நல்லது. இலைத்துளை என்று படித்தவள் ஸ்டொமேட்டா என்ற சொல்லையும் பார்த்திருக்க வேண்டும்.

பிரிவு என்னும் கட்டத்தில் பி.சி. குடும்பங்கள் தடுமாறும். மாநிலக் கலந்தாய்வுக்குத் தாசில்தார் ஆபீஸ் தந்த சாதிச் சான்றிதழ் போதும். மத்திய அரசின் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. அதற்கு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனி, மத்திய அரசுப் படிவத்தில், புது நிதியாண்டில் வாங்கியது வேண்டும். மாநில பி.சி. பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீட் விண்ணப்பத்தில் பொது என்று போட்டுவிட்டு, பிறகு மத்தியக் கலந்தாய்வில் ஓ.பி.சி. கேட்க முடியாது. ஓ.பி.சி. சான்றிதழுக்கு உள்ள 8 லட்ச வருமான வரம்பில் விவசாய வருமானமும் சம்பளமும் சேராது. 3 ஏக்கருக்கு அந்தக் கவலையே இல்லை. கூடுதல் நிலம் உள்ளவர்கள், எல்லாவற்றையும் கூட்டி மறுத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

இ-சேவையில் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று படி ஏறிப் போகும். தை, மாசியில் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்துக்கு அடங்கல் கேட்டு ஊரே வி.ஏ.ஓ.வைச் சுற்றி நிற்கும். சாதி, முதல் பட்டதாரி இரண்டையும் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஓ.பி.சி.யும் வருமானச் சான்றிதழும் ஏப்ரல் முதல் வாரத்தில்.

தேர்வு: 180 கேள்வி, 720 மதிப்பெண், 3 மணி நேரம். சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். உயிரியல் மட்டும் 360, அதாவது பாதி. தெரியாததைத் தொடாதே என்று எல்லோரும் சொல்வது முழு உண்மை இல்லை. நான்கு விடையில் இரண்டு தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். அப்படி 10 கேள்வி என்றால் 15. ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாக அடித்தால் சராசரி கால் மதிப்பெண்தான். அதற்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். உயிரியலை 50 நிமிஷத்துக்குள் முடித்தால்தான் இயற்பியலுக்கு மூச்சு விட இடம் இருக்கும். ஓ.எம்.ஆர். வட்டத்தைக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் ஆபத்து. ஒரு கேள்வி தள்ளிப்போனால் அடுத்து உள்ள வரிசை முழுக்கத் தள்ளிப்போகும். பக்கம் பக்கமாக நிரப்பச் சொல்லுங்கள்.

தேர்வு நாளில் 1.30-க்கு வாசல் அடைத்துவிடுவார்கள். அக்னி நட்சத்திர வெயில், தஞ்சாவூரோ திருச்சியோ எதுவானாலும் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். தோடு, மூக்குத்தி, கொலுசு, கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். வாசலில் நின்று மூக்குத்தியோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு உள்ளே போய் முதல் அரைமணி நேரம் எதுவும் ஓடாது.

ரிசல்ட் வந்ததும் போன வருஷம் தஞ்சாவூர் எத்தனை மார்க்கில் முடிந்தது என்று கேட்காதீர்கள். 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்கள் பலர். 2025-ல் இயற்பியல் கடினம், முதலிடமே 686. மார்க்கை மார்க்கோடு ஒப்பிட்டால் வீண் பயம் அல்லது வீண் நம்பிக்கை. மாநிலத் தரவரிசையில் உங்கள் பிரிவில் எத்தனையாவது என்று பாருங்கள். மாநில மருத்துவச் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் போன வருஷ ஒதுக்கீட்டுப் பட்டியல் இருக்கும். அதில் 7.5 சதவீதம், பி.சி. என்று தேடி ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக உள்ளே போன தரவரிசை எண்ணை அந்த நோட்டில் எழுதுங்கள்.

விருப்பப் பட்டியல் போடுவதில் ஒரு தப்பு எண்ணம் ஊரெங்கும் உண்டு: கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடுமாம். போகாது. அவள் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் கல்லூரியைக் கொடுக்கும். தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர், நாகப்பட்டினம் என்று போட்டு, முதல் இரண்டு நிரம்பியிருந்தால் திருவாரூர் வரும், அவ்வளவுதான். பயந்துபோய் நாகப்பட்டினத்தை முதலில் போட்டால் தஞ்சாவூர் காலியாக இருந்தாலும் நாகப்பட்டினம்தான் வரும். ஆசை வரிசையில் போடுங்கள், பட்டியலை நீளமாகப் போடுங்கள். சிதம்பரத்தில் இருப்பதும் இப்போது அரசுக் கல்லூரிதான். புதுக்கோட்டை, அரியலூரையும் சேருங்கள். நாகப்பட்டினம், அரியலூர் இரண்டும் 2022 ஜனவரியில் திறந்தவை. தஞ்சாவூர் பழைய கல்லூரி, நோயாளிக் கூட்டம் அதிகம்; படிக்கிற பிள்ளைக்கு அதுதான் பாடம். 7.5 சதவீதக் கலந்தாய்வைச் சென்னையில் நேரில் வைப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. அங்கே திரையில் இருக்கும் இடத்தைப் பார்த்து உடனே சொல்ல வேண்டியிருக்கும், நோட்டைக் கொண்டுபோங்கள்.

மத்திய அரசின் மருத்துவக் கல்லூரியான காரைக்கால் ஜிப்மர் திருவாரூரிலிருந்து கூப்பிடு தூரம் போலத் தெரியும். ஆனால் அது மாநிலக் கலந்தாய்வில் வராது, மத்தியக் கலந்தாய்வுக் குழுவிடம் தனியாகப் பதிய வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், திரும்பத் தரும் வைப்புத் தொகை 5,000. முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்தும் சேராவிட்டால் வைப்புத் தொகை போய்விடும். இந்தக் கட்டணமெல்லாம் குறுவைக்கு விதை, உழவு என்று கையில் காசே இல்லாத சமயத்தில் வரும். 10,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று போன் செய்பவனிடம் பேச்சே வேண்டாம்.

கிடைக்காவிட்டால்: இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது, உச்ச வயதும் இல்லை. மீண்டும் எழுதுபவருக்கும் 7.5 சதவீதம் உண்டு. ஒரு வருஷம் காத்திருக்கலாமா என்பதற்கு என் அளவுகோல் அந்த நோட்டில் எழுதிய கடைசித் தரவரிசை. அதற்குப் பக்கத்தில் வந்திருந்தால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. எட்டாத தூரம் என்றால் வேறு படிப்பில் சேர்ந்துவிடுவது நல்லது. மூன்றாம் வருஷத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிசல்ட் வந்த வாரம் உறவுக்காரர்கள் மார்க் கேட்டு போன் செய்வார்கள், போனை நீங்களே எடுங்கள். அவள் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள், கட்டணம் இல்லை. இரவில் தனியாக விடாதீர்கள்.

மாற்று வழிகளை நீட் ரிசல்ட்டுக்குப் பிறகு யோசிக்கலாம் என்று வைத்தால் காலம் கடந்திருக்கும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, தலைஞாயிறு மீன்வளக் கல்லூரி, ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி மூன்றும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மார்க்கை வைத்தே தருகிறார்கள், நீட் தேவையில்லை. பி.எஸ்சி. நர்சிங்கும் அப்படித்தான். கால்நடைக்கான விண்ணப்பம் நீட் ரிசல்ட் வரும் சமயத்தை ஒட்டியே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று பார்த்து அந்த வாரமே போட்டுவிடுங்கள். அந்த விண்ணப்ப எண்ணுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.