தரங்கம்பாடி அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரம் போதுமா?

கேள்வி: பூம்புகார் பார்த்துவிட்டுக் காரைக்கால் போகும் வழியில் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தில் இறங்கலாமா? சின்ன இடம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்களே?

கண்ணாடிப் பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதென்றால் அரை மணி நேரமே தாராளம். பீங்கான் பாத்திரங்கள், டேனிஷ் கையெழுத்துப் பிரதிகள், மாக்கல் விளக்குகள், சுதை உருவங்கள், வாள், ஈட்டி, சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டில் ஒரு பகுதி. இதைப் பார்க்கவா வண்டியை நிறுத்தினோம் என்று கூட வந்தவர்கள் கேட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் கதை தெரிந்துகொண்டு போனால் நிலைமையே வேறு.

டென்மார்க்கிலிருந்து ஓவே கெடே தலைமையில் கப்பல்கள் கிளம்பியது தரங்கம்பாடிக்கே இல்லை, இலங்கைக்கு. கண்டி அரசரோடு நினைத்தபடி எதுவும் அமையவில்லை. அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்து, 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டினார்கள். டேன்ஸ்போர்க் என்று பெயர். குறி மிளகு மேல். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகம் வரை போகவேண்டும்!

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. 1640-களில் டென்மார்க் போரிலும் கடனிலும் மாட்டிக்கொண்டது. 1650-இல் இந்த வியாபாரத்தை நடத்திவந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்களுக்கோ கப்பலும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஒவ்வொருவராகச் செத்துப்போக, 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சியது ஒரே ஒரு டேனிஷ்காரர், எஸ்கில் கோங்ஸ்பாக்கே. பெரிய குடும்பத்து ஆள் இல்லை, எழுதப் படிக்கவும் தெரியாது என்பார்கள். அந்த மனிதர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கொடியை இறக்காமல் சமாளித்தார். கடலில் போகிற வங்காளக் கப்பல்களைப் பிடித்து, அதிலிருந்த சரக்கை விற்றுச் செலவுக்கு வழி பார்த்தார். நாயக்கர் படைக்குப் பயந்து ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். சொந்த நாட்டிலிருந்து அடுத்த கப்பல் வந்து சேர்ந்தது 1669-இல். வீரமா, கடற்கொள்ளையா என்று கேட்டால், ரெண்டும்தான் என்பேன்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தக் குண்டுகளையும் வாள்களையும் பாருங்கள். அரசருடைய படைக்கலம் என்ற எண்ணம் போய், கைவிடப்பட்ட ஒரு கிடங்கின் சாமான் போலத் தெரியும். அந்தக் குறிப்பிட்ட வாள் எஸ்கில் காலத்ததுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிற கண் மாறும், அவ்வளவுதான்.

சீனத் தேயிலை ஜாடிகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். டேனிஷ் கோட்டையில் சீன ஜாடிக்கு என்ன வேலை என்று தோன்றும். 1732-இல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனிக்குச் சீனத்துக் கான்டன் துறைமுகத்தோடு பெரிய தேயிலை வியாபாரம் இருந்தது. தரங்கம்பாடியும் அதே கம்பெனியின் கையில்தான். ஆயிரம் வார்த்தை எழுதினாலும் புரியாத கடல் வணிகம் அந்த ஒரு ஜாடியில் புரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் அங்கே பெரிய காட்சிப்பொருள் கட்டடம்தான். மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், மூத்த வணிகர்கள் வாசம். கீழே கிடங்கு, சிறை, சிப்பாய்கள் தங்குமிடம். கூரையை அண்ணாந்து பாருங்கள்: ஒட்டகத் திமில் போல நாலு குவிமாடங்கள், பாரம் நடுவிலுள்ள ஒற்றைத் தூணில் இறங்குகிறது. பெரும்பாலானவர்கள் மேலே மட்டும் பார்த்துவிட்டுக் கடலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கீழே இறங்கி நடந்தால்தான் இது மாளிகை இல்லை, சரக்கும் துப்பாக்கியும் அடுக்கிவைத்த இடம் என்பது உறைக்கும்.

தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவை எல்லோருக்கும் தெரியும். 1706-இல் டென்மார்க் அரசர் அனுப்பித்தான் அவர் வந்தார். அதே அரசரின் ஆளுநர் 1708-இல் அவரைப் பிடித்து இந்தக் கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்தார். மதப் பிரசாரம் வியாபாரத்தைக் கெடுக்கும் என்ற எரிச்சல். ஊருக்குள் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் (1718) இருக்கிறது, அவர் கல்லறையும் அதற்குள்தான். கோட்டையைப் பார்த்த கையோடு அங்கே போனால் கதை பொருந்திவரும்.

1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். சில காலம் தஞ்சை மாவட்டத் தலைநகராகக்கூட இருந்தது. ரயிலும் வியாபாரமும் நாகப்பட்டினம் பக்கம் போனதும் ஊர் அடங்கிவிட்டது. பழைய தெருக்கள் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன ஆதங்கம்: வருகிறவர்கள் எல்லாம் டேனிஷ், டேனிஷ் என்றே பேசுகிறோம். கோட்டைக்குப் பக்கத்திலேயே கடலோரத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரர்கள் வந்து இறங்கும்போதே அது முந்நூறு வயது தாண்டிய கோயில். பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆகவே இறங்குங்கள், ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோட்டை முற்றத்தில் ஒதுங்க நிழல் குறைவு, அதனால் பூம்புகாரை முதலில் முடித்துவிட்டு உச்சி வெயிலில் இங்கே வந்து நிற்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு வந்தால் நல்லது. நிஜமாகவே அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், பெட்டிகளில் தேயிலை ஜாடியை மட்டும் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தைக் கீழ்த்தளத்துக்குக் கொடுங்கள்.