பம்பை கலந்த டெக்னோ: லேபிள் தொடங்கலாமா?

கேள்வி: நண்பர்கள் மூவரும் லேப்டாப்பில் டெக்னோ என்னும் மின்னணு நடன இசை செய்கிறோம். பம்பை, உடுக்கைக் கலைஞர்களின் வாசிப்பையும் பதிவு செய்து சேர்க்கிறோம். வேலையை விட்டுவிட்டு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், தொடங்கலாமா?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

லேபிள் தொடங்குங்கள், வேலையை விடாதீர்கள். முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ராயல்டி தருவதில்லை. பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் ரசிகரே நேரடியாக வாங்குவார். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணம் செலுத்தும் கட்டணமும் போக மீதி உங்களுக்கு.

லோகோ பிறகு வரையலாம், முதலில் ஒப்பந்தம் எழுதுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். 'உலகம் முழுவதும்' என்ற சொல் விட்டுப்போனால் வெளிநாட்டு வருமானத்தில் சிக்கல்தான். செலவு போக லாபம் லேபிளுக்கும் கலைஞருக்கும் பாதிக்குப் பாதி என்பது சிறு லேபிள்களில் பரவலான வழக்கம். எது செலவு என்பதில்தான் சண்டை வரும்: மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு), அட்டைப்படம் சரி; ஏற்காடு போய்வந்த பெட்ரோலுமா? அதையும் எழுதிவிடுங்கள்.

பம்பைக்காரருக்குப் பதிவன்றே கூலி கொடுத்து, சம்மதக் கடிதமும் வாங்குங்கள். நிகழ்த்துகலைஞருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. திருவிழாவில் செல்போனில் எடுத்ததை வைத்து வெளியிட வேண்டாம்.

கடையில் வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்துண்டு) அப்படியே இருக்கும் டிராக்கை, ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் பாட்டின் மேல் உங்கள் பெயரில் உரிமைக் கிளெய்ம் விழும், தகராறு வரும்.

முடிந்த பாட்டை 24 பிட் வேவ் கோப்பாக, ஒலி உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குள் கொடுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தரிடம், வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்ப ஸ்பாட்டிஃபை குறைந்தது 7 நாள் கேட்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுக்காவிட்டால், சேர்ந்த கேட்பு எண்ணிக்கை போய்விடலாம். இசையமைப்புக்கான ராயல்டி தனிக்கணக்கு, அதை வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகுங்கள்.

கேள்வி: ஏற்காட்டு ரிசார்ட் ஒன்றில் விடியும்வரை புல்வெளியில் வாசிக்க அழைக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகர், செவ்வாய்பேட்டை

திறந்தவெளி என்றால் வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மாலை 5 மணிக்குத் தொடங்கும்படி கேளுங்கள். பாதி முன்பணம், அனுமதி வாங்குவது ரிசார்ட்டின் பொறுப்பு, ஜெனரேட்டர் யாருடையது: மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிட்டு மலையேறுங்கள்.