ஸ்டீயரிங்கை ஒடித்தால் இன்ஜின் நிற்கிறது, ஃப்யூயல் பம்ப்பை மாற்றலாமா?

கேள்வி: பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார், மேனுவல் கியர், ஆயில் ஊற்றுகிற பழைய வகை பவர் ஸ்டீயரிங். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போதும், மெதுவாக யு-டர்ன் அடிக்கும்போதும் இன்ஜின் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஃப்யூயல் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பம்ப் பலவீனமாக இருந்தால், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான், அதாவது மேடு ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ, முதலில் திணறும். உங்கள் வண்டி அங்கெல்லாம் நன்றாகவே ஓடுகிறது. அளவுமானியை மாட்டி ஃப்யூயல் பிரஷர் பார்த்தாரா, எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். அளவு சொல்லாமல் பம்ப் என்றால் அது யூகம்தான்.

ரிவர்ஸ், யு-டர்ன் இரண்டிலும் உங்கள் கால் ஆக்ஸிலரேட்டரில் அநேகமாக இருக்காது. இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காத குறைந்த வேகத்தில் ஓடும், பல கார்களில் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான் (ஆர்பிஎம்). ஸ்டீயரிங்கை ஒடித்தால் அதன் பம்ப் பெல்ட் வழியாக இன்ஜினை இழுக்கிறது. உடனே இன்ஜினின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் காற்றை விட்டு ஈடுகட்ட வேண்டும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலோ, ஐடிலுக்கான காற்றை விடும் ஐடில் வால்விலோ கரி படிந்திருந்தால் அந்தக் காற்று நேரத்துக்குப் போகாது. என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இன்ஜின் சூடானபின், சமதரையில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். கண் ஆர்பிஎம் முள்ளில் இருக்கட்டும். லேசாக இறங்கி உடனே ஏறினால் சரி. மளமளவென்று விழுந்து துடித்தால் ஐடில் பக்கம்தான் கோளாறு. ஏசியைப் போட்டும் அதே சோதனையைச் செய்யுங்கள். அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடாமல் பிரேக்கை மட்டும் நாலைந்து முறை மிதியுங்கள். அதற்கே முள் தடுமாறி, பெடல் பக்கம் 'உஸ்' என்று சத்தம் கேட்டால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ கசிவு இருக்கலாம்.

நின்ற வண்டியில் ஒன்றும் ஆகாமல், ரிவர்ஸில் கிளட்சை விடும்போது மட்டும் அணைகிறதா? இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள். முன்னால் போகும்போது ஒரு பக்கம் சாயும் இன்ஜின், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாயும். மவுண்ட் தளர்ந்திருந்தால் அந்த ஆட்டத்தில் ஒயரோ ஹோஸோ இழுபடும். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்தான் இதில் பெரிய கள்ளன். நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மேலே பார்த்தால் புதுசு போல இருந்தது. கழற்றிக் கையால் வளைத்தபோதுதான், அடிப்பக்க மடிப்பில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு வாயைத் திறந்தது. சென்சார் அளக்காத காற்று அந்த வழியே புகுந்தால் ஐடில் நிலைக்காது.

பெட்ரோல் முள் அடியில் கிடக்கும்போது மட்டும் இப்படி ஆகிறது என்றால் கதை வேறு. திருப்பத்தில் பெட்ரோல் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கும். அரை டேங்க் நிரப்பி ஓட்டிப் பாருங்கள்.

(எலக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ளவர்களுக்கு: அது நேராகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுக்கும். டெர்மினலில் துரு, ஆல்டர்னேட்டர் சார்ஜிங் இரண்டையும் முதலில் பாருங்கள்.)

செலவு செய்வதானால் முதல் செலவு ஸ்கேனர் சோதனையாக இருக்கட்டும். கம்ப்யூட்டரில் பி0505 (P0505) என்ற கோளாறுக் குறியீடு வந்தால் ஐடில் கட்டுப்பாட்டில் கோளாறு என்று அர்த்தம். அடுத்தது த்ராட்டில் பாடி சுத்தம். கரி போனபின் ஐடில் சற்றுத் தாறுமாறாக இருக்கலாம். பல கார்களில் கம்ப்யூட்டருக்கு ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். 'ஐடிலை ஏற்றி வைத்துவிடுகிறேன்' என்றால் வேண்டாம், அது கோளாறை மூடி மறைப்பது. எந்த பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்குங்கள்.

சரியாகும்வரை நெரிசலில் எடுக்காதீர்கள். இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும். அப்புறம் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும்.