திருடன் பெயர் எழுதி வைப்பானா?

கேள்வி: ஊமைப்படக் காலத்து ஜெர்மன் இயக்குநர் முர்னோவை மேதை என்கிறார்கள். அவருடைய புகழ்பெற்ற பேய்ப்படமே திருட்டுக் கதை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாமே? அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன். (வாசகர், தேனி)

பதில்: வாழ்க்கை அப்புறம். முதலில் அந்தத் திருட்டுக்கு வருகிறேன்.

1922-ல் வெளியான 'நோஸ்ஃபெராட்டு'வின் கதை பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல்தான். தயாரித்த பிராணா ஃபிலிம் அனுமதி வாங்கவில்லை. டிராகுலா பிரபுவை ஓர்லாக் பிரபு ஆக்கி, லண்டனுக்குப் பதில் ஒரு ஜெர்மன் துறைமுக ஊரைப் போட்டார்கள். ஸ்டோக்கர் 1912-லேயே காலமாகிவிட்டார். அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார். அவர் பக்கம் நியாயம் உண்டு, உரிமைப் பணம் தராதது தப்பு. ஆனால் ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்று படத்தின் டைட்டிலிலேயே போட்டிருந்தார்கள். எந்தத் திருடனாவது வீட்டுக்காரர் பெயரைச் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போவானா?

முர்னோ அந்த நாவலுக்குக் கொடுத்ததையும் பாருங்கள். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், கடைசியில் கத்தியால் குத்தித்தான் அவனைக் கொல்கிறார்கள். படத்தில் ஒரு பெண் விடியும்வரை அவனைத் தன் அறையிலேயே பிடித்து வைக்கிறாள். சேவல் கூவுகிறது, வெயில் பட்டதும் ஆள் கரைந்து போகிறான். இத்தனை வருடமாக நாம் பார்க்கிற ரத்தக்காட்டேரிப் படங்களில் சூரிய வெளிச்சம் பட்டால் பேய் சாகிறதே, அது இங்கே பிறந்தது. டிராகுலா என்ற பெயரிலேயே வந்த படங்களும் அதை எடுத்துக்கொண்டன. அதற்காக முர்னோவின் வீட்டாருக்கு யாரும் பணம் அனுப்பியதாகத் தெரியவில்லை!

படம் வந்த வருடமே பிராணா திவாலாகிவிட்டது. 1925-ல் ஜெர்மன் கோர்ட், நெகட்டிவையும் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடச் சொன்னது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போயிருந்தன. அவற்றால்தான் இன்று நாம் அந்தப் படத்தைப் பார்க்கிறோம். தீர்ப்பை எல்லோரும் ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால் ஓர்லாக் பிரபுவின் நிழல் மாடிப்படி ஏறுகிற காட்சி உலகத்திலேயே இருக்காது.

இப்போது மறுபக்கம். 1928-ல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் கம்பெனிக்காக முர்னோ ஒரு சர்க்கஸ் படம் எடுத்தார், 'நான்கு பிசாசுகள்'. சட்டப்படி எடுத்த படம். யாரும் வழக்குப் போடவில்லை, எந்தக் கோர்ட்டும் அழிக்கச் சொல்லவில்லை. இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அந்தக் கம்பெனியின் ஊமைப்படங்களில் பெரும்பகுதி 1937-ல் நியூஜெர்சி கிடங்கில் பிடித்த தீயில் போனது. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் வெயில் சூட்டிலேயே கெட்டு, தானாகப் பற்றிக்கொள்ளும். அதை வைத்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? அனுமதியில்லாமல் எடுத்த படம் இருக்கிறது, உரிமையாளரே பூட்டி வைத்த படம் இல்லை. எனக்குக் கோபம் இந்த இடத்தில்தான் வருகிறது.

சரி, வாழ்க்கை. 1888-ல் பீலஃபெல்ட் ஊரில் பிறந்தபோது அவர் பெயர் ப்ளும்ப. முர்னோ என்பது பவேரியாவில் ஒரு சிற்றூர், அதைத் தன் பெயராக்கிக்கொண்டார். மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் குழு, முதல் உலகப்போரில் விமானப்படை, பிறகு சினிமா. 1927-ல் ஃபாக்ஸுக்கு எடுத்த 'சன்ரைஸ்' முதல் ஆஸ்கர் விழாவிலேயே பரிசு வாங்கியது. 1931 மார்ச் 11 அன்று கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார், வயது 42. கடைசிப் படமான 'டாபு' ஒரு வாரம் கழித்துத்தான் வெளியானது.

நீங்கள் பேய்ப்படத்தோடு நின்றுவிடாதீர்கள். 1924-ல் வந்த 'கடைசி மனிதன்' பாருங்கள். பெரிய ஹோட்டலின் வாசல் காவலாளி ஒரு கிழவர். பித்தளைப் பொத்தான் வைத்த சீருடைதான் அவருடைய கௌரவமே. வயதாகிவிட்டது என்று அவரைக் கழிவறை வேலைக்கு மாற்றி, சீருடையைக் கழற்றி வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் அன்று கல்யாணம். கிழவர் அதே சீருடையைத் திருடிப் போட்டுக்கொண்டு போகிறார். அந்தத் திருட்டைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வராது. கல்யாணக் குடியில் அவருக்குத் தலை சுற்றுவதைக் காட்ட ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் கேமராவைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு தள்ளாடினார். ஊமைப்படங்களில் வசனத்தை எழுதி நடுநடுவே காட்டுவார்களே, அந்த விளக்க அட்டை படம் முழுக்க ஏறக்குறைய இல்லை.

பழைய படங்களின் பிரதிகளைக் காப்பாற்றுங்கள் என்று நான் எழுதும்போதெல்லாம், 'எங்கள் நெகட்டிவ் எங்கள் சொத்து, உங்களுக்கென்ன' என்று கேட்டுத் தயாரிப்பாளர் சிலர் கடிதம் போடுகிறார்கள். ஐயா, சொத்து உங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஒரே ஒரு பிரதியைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். அப்புறம் என்னைத் திட்டி எவ்வளவு நீளமாக எழுதினாலும் ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.