லாரியில் ஏற்றும் இரும்புக் குழாய் கனமாகத்தானே இருக்கிறது, அதைக் கட்டியே ஆக வேண்டுமா?

மாதவரத்தில் லோடு ஏற்றும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி. கட்டியே ஆக வேண்டும். எடை கூடினால் உராய்வு கூடும், சரி. ஆனால் பிரேக் அடிக்கும்போது முன்னால் பாயும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. 10 டன் சரக்கு என்றால் முன்பக்கம் 8 டன், பக்கவாட்டில் 5 டன் விசையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கணக்கு. இரும்புத் தளத்தில் இரும்பு இருந்தால் உராய்வு பிடித்து வைப்பது சுமார் 2 டன்தான். மிச்சம் டிரைவர் கேபினை நோக்கி வரும். உள்ளே உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் 2 டன் என்பது 6 டன் வரை ஏறும். இதையா மிச்சம் பிடிப்பது?

அப்புறம் கோணம். மேலாகப் போடும் பெல்ட் செங்குத்தாக இறங்கினால் இழுவிசை முழுதும் கீழே அழுத்தும்; தளத்தோடு 30 டிகிரி என்றால் பாதிதான். சரக்கு தாழ்வாக இருந்தால் பெல்ட் இப்படித்தான் சாய்வாக இறங்கும். அதனால் தாழ்வான சரக்குக்கு முன்னால் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

புறப்படும்போது விரலால் சுண்டினால் அதிர்கிற பெல்ட், எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் தொளதொளத்துவிடும். குலுங்கக் குலுங்கக் குழாய்கள் இடுக்குகளில் படிந்து அடுக்கு இறங்கிவிடுவதுதான் காரணம். கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். கூர்விளிம்பு படும் இடத்தில் பெல்ட்டுக்கு அடியில் காப்பு வையுங்கள்.

குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதே.