முதன்மை எண்ணைக் கையால் பிடிப்பது

வணக்கம் சேர்,
உயர்தரத்தில் கணிதம் படிக்கிற என் மகன் போனில் விளையாடும் கேமில் புள்ளி 2147483647இல் நின்றுவிட்டதாம். அது முதன்மை எண் என்கிறான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "கம்பியூட்டர் சொல்லுது அம்மா" என்று முடித்துவிட்டான். கம்பியூட்டர் இல்லாத காலத்தில் இதை யாராலும் சொல்லியிருக்க முடியுமா?
ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரி,

சொன்னார்கள். 1772இல் கணித மேதை ஆய்லர் சொன்னார். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது.

இந்த எண் 2இன் 31ஆம் வலுவில் 1 குறைவு. கேம் புள்ளியை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்களில், எழுதிவைக்கிறது; அதில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போக மிச்சம் 31. கேம் அங்கே நின்றதற்குக் காரணம் அவ்வளவுதான்.

முதன்மையா என்று பார்க்க, வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை உள்ள முதன்மை எண்களால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 4,800 வகுத்தல்கள். ஆய்லருக்குத் தேவைப்பட்டது 80 சொச்சம்தான். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் இடம் இது.

சின்ன எண்ணில் பார்ப்போம். 2இன் 11ஆம் வலுவில் 1 குறைத்தால் 2047. இதை 23 மீதியின்றி வகுக்கும். ஏன் 23? 2ஐ இரட்டித்துக்கொண்டே போய், 23ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது அடியில் 1 வந்துவிட்டது. கணித மேதை ஃபெர்மா சொன்னபடி, 23 முதன்மை எண் என்பதால் அதில் 1 குறைந்த 22ஆவது அடியிலும் 1 வந்தே ஆகவேண்டும். ஆகவே 22க்குள் 11 சரியாக அடங்க வேண்டும். 11க்குப் பதில் எந்த ஒற்றை முதன்மை வலுவை வைத்தாலும் இதே கதைதான்: காரணியில் 1ஐக் கழித்தால் அந்த வலுவின் இருமடங்கால் மீதியின்றி வகுபடும். இன்னொரு விதியும் உண்டு: காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். அதன் நிறுவல் கொஞ்சம் நீளம், இங்கே வேண்டாம்.

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் தேநீருக்குக் காத்திருந்தபோது, பில்லின் பின்பக்கத்தில் 8191ஐ எழுதினேன். அது 2இன் 13ஆம் வலுவில் 1 குறைவு. வர்க்கமூலம் 90. 26இன் மடங்கோடு 1 கூட்டினால் 27, 53, 79. எட்டின் விதியில் 27உம் 53உம் விழுந்தன. 79ஆல் வகுத்தேன், மீதி 54. சரி, ஒரே வகுத்தலில் 8191 முதன்மை எண் என்று நிரூபணமாகிவிட்டது. தேநீர் அப்புறம்தான் வந்தது.

2024இல் கண்டுபிடித்த, 4 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணும் இதே குடும்பம்தான். அந்தத் தேடலிலும் முதலில் சலிப்பது இந்த இரண்டு விதிகளாலேயே.

மகனிடம் 131071ஐக் கொடுத்துப் பாருங்கள். 2இன் 17ஆம் வலுவில் 1 குறைவு. கம்பியூட்டர் வேண்டாம், ஒரு தாள் போதும். வகுக்க வேண்டியவை 103, 137, 239 மட்டுமே. அந்த மூன்றும் எப்படி வந்தன என்று அவனே கண்டுபிடிக்கட்டும். கடைசி இரண்டிலும் ஒரே மீதி வரும். அது ஏன் என்றும் கேளுங்கள்.